பிள்ளையாருக்கு ஒரு தனி வாசல்

எனக்கு முதல் நியமனம் இறக்காமத்தில் கிடைத்தது. எழுபதுகளின் கடைசிப் பகுதி அது. கல்முனையில் பிறந்து வளர்ந்தவளுக்கு இறக்காமம் தூர தேசமில்லை. சம்மாந்துறையைக் கடந்து வயல்வெளிகளுக்கு நடுவே பஸ் ஓடினால் வந்துவிடும். ஆனால் அந்த பஸ் எப்போது வரும், வழியில் எங்கே நின்றுபோகும் என்பது அதன் சாரதிக்கே தெரியாது. தினமும் போய்வர முடியாது என்று முதல் வாரத்திலேயே விளங்கிவிட்டது. கணிதம் படிப்பிக்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இருந்த அதிபர், என்னை விட்டுவிடப் பயந்து, அந்த முஸ்லிம் ஊரிலேயே தன் உறவுக்காரர் வீட்டில் எனக்கு ஓர் அறை பேசித் தந்தார்.

கல்முனையில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவே முஸ்லிம்கள் இருக்கும் தெரு. கடைகளில் பழகியிருக்கிறோம், கல்யாணத்துக்கும் மௌத்துக்கும், அதாவது சாவுக்கும், போயிருக்கிறோம். ஆனால் ஒரு முஸ்லிம் வீட்டில் தங்கி, அவர்கள் அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டு வாழ்வது எனக்குப் புதிது. அம்மா என் பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவே உள்ளங்கை அளவு பித்தளைப் பிள்ளையார் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்தார். "இவர் பக்கத்தில இருந்தா எனக்குப் பயமில்ல" என்றார். எனக்குத்தான் பயமாக இருந்தது. அந்த வீட்டில் இவரை எங்கே வைப்பது?

வீட்டுக்காரிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பெண் மக்கள் இருவரையும் கட்டிக்கொடுத்து, முன்வளவு வீட்டையும் அவர்களுக்கே எழுதிவிட்டு, பின்வளவில் சிறிதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு புருஷனோடு இருந்தார். மூத்த சகோதரியை அங்கே ராத்தா என்பார்கள். நானும் முதல் நாளிலிருந்தே ராத்தா என்றுதான் கூப்பிட்டேன். அவருடைய கணவர் எனக்குக் காக்கா, அதாவது அண்ணன். எனக்குத் தந்த அறை நெல் மூட்டை அடுக்குவதற்காக வீட்டோடு சேர்த்து இறக்கியது. வீட்டுக்குள்ளிருந்து ஒரு கதவு, முற்றத்துப் பக்கமாக இன்னொரு கதவு.

நான் பெட்டியைத் திறக்கும்போது ராத்தா வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், ஒண்டு கேக்கட்டா? கோவிக்கப்படாது."

"கேளுங்க ராத்தா."

"உங்கட சாமிச் சிலை ஏதும் கொண்டந்திரிக்கிங்களா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. துணியை அவிழ்த்துக் காட்டினேன். அவர் தொடவில்லை. குனிந்து பார்த்தார்.

"ஆன முகம்."

"ஓம். பிள்ளையார்."

"உருவம் இரிக்கிற ஊட்டுக்குள்ள மலக்குமார் வரமாட்டாங்க எண்டு எங்கட ஆக்கள் சொல்லுவாங்க" என்றார். மலக்கு என்றால் வானவர் என்று எனக்குத் தெரியும். அவ்வளவுதான், பெட்டியை மூடிக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். ராத்தா இரண்டு கதவுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த அறைக்கு வேற வாசல் இரிக்கிதானே. மலக்குமாருக்கு எங்கட வாசல். உங்கட சாமிக்கு உங்கட வாசல். நடுக்கதவ நான் பூட்டி வைக்கன். சரியா?"

"சரி ராத்தா" என்று சொல்லிப் பிள்ளையாரை முற்றத்துக் கதவுப் பக்கமாக எடுத்து வைத்தேன்.

அடுத்த நாள் காலையில் முற்றத்துக் கதவைத் திறந்தால் படியில் ஒரு வட்டில் நிறையச் செவ்வரத்தம் பூ. ராத்தா கிணற்றடியில் நின்றபடி, "நான் உங்கட சாமிக்குத் தரல்ல. மரத்தில பூத்திரிந்திச்சு, ஆஞ்சு வெச்சன். நீங்க என்னவும் செய்ங்க" என்றார். அன்றிலிருந்து நான் அந்த வீட்டில் இருந்த காலம் முழுவதும் படியில் பூ இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் மீன், இறைச்சி சேராத கறி. அதற்கென்று புதுச் சட்டி ஒன்று வாங்கித் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தார். நான் கேட்டு அவர் செய்யவில்லை.

காக்காவுக்குக் குளத்துக்குக் கீழே வயல். பெரிய வயல்வெளியை அங்கே வட்டை என்பார்கள். வட்டைக்கு அப்பால் பற்றைக்காடு, அதற்கப்பால் பெருங்காடு. காட்டிலிருந்து யானை வரும். ஆனால் வட்டைக்குள் நிற்கும்போது யாரும் யானை என்ற சொல்லை வாயில் எடுக்கமாட்டார்கள். பெயரைச் சொன்னால் கூப்பிட்டது போலாகிவிடும் என்று நம்பிக்கை. "பெரியவர் வந்து போயிரிக்காரு" என்பார்கள். ஐந்து வேளை தொழுகிற மனிதர்கள் ஒரு மிருகத்தை இவ்வளவு மரியாதையாகக் கதைப்பதைக் கேட்க எனக்கு வியப்பாக இருந்தது. எங்கள் வீட்டில் பிள்ளையாரைத்தான் அப்படிச் சொல்வோம்.

மாரி மழையை நம்பி விதைக்கும் அந்த முதல் பெரும்போகத்தில், கதிர் முற்றி வெட்டுக்கு நாள் பார்த்திருந்த நேரம், பெரியவர் கூட்டமாக வந்து போனார். காலையில் நான் பாடசாலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது ராத்தா வயலிலிருந்து திரும்பி வந்தார். முழங்கால் வரை சேறு. குசினிப் படியில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

"உங்கட சாமி வந்து எங்கட வெள்ளாமையத் திண்டுட்டுப் போயிட்டார் டீச்சர்."

அதில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. நடந்ததைச் சொன்னார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் என் தோளில் தலையை வைத்து அழுதார். அந்தப் பயிருக்காக அந்த இரண்டு பேரும் மழையிலும் வெயிலிலும் பட்ட பாடு எனக்குத் தெரியும். அன்று பிள்ளையாருக்குப் பூ வைக்கக் கை எழவில்லை. பூ வட்டில் என்னவோ வழக்கம்போல் படியில் இருந்தது. வயலுக்குப் போகும் முன்பே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மிதிபடாமல் தப்பிய மூலையை வெட்டி அடித்து, கிடைத்த நெல்லில் ஒரு பகுதியைக் குற்றி எடுத்திருந்தார்கள். ஒரு பின்னேரம் ராத்தா முற்றத்தில் உட்கார்ந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் மாணவர் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், மெய்யாக் கேக்கன். இந்த ஆனைய என்னத்துக்குக் கும்பிடுறீங்க?"

எங்கள் அப்பா கோயிலில் புராணத்துக்குப் பயன் சொல்பவர். ஒருவர் பாட்டை வாசிக்க, இன்னொருவர் அதன் பொருளை விரித்துச் சொல்ல வேண்டும்; அந்த இரண்டாவது ஆள் அப்பா. சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கு எல்லாம் பாடம். ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"அந்தக் காதைச் சுளகு எண்டு சொல்லுவாங்க ராத்தா. நீங்க இப்ப புடைக்கிற மாதிரித்தான். ஆர் என்ன சொன்னாலும் கேட்டு, பதரைத் தள்ளிப்போட்டு மணியை வைச்சுக்கொள்ளும். கண் சின்னன், ஏனெண்டா கூர்மையாப் பார்க்க வேணும். ஒரு கொம்பு உடைஞ்சிருக்கும். நல்ல காரியம் முடிய வேணுமெண்டா தன்ர உடம்பில இருக்கிறதையும் முறிச்சுக் குடுக்கலாம் எண்டு அதுக்கு அர்த்தம். தும்பிக்கை வளைஞ்சு இருக்கிறது ஓம் எண்ட எழுத்து மாதிரி. ஓம் எண்டுறதுதான் எல்லாத்துக்கும் முதல் சத்தம்."

"ஓமா?" என்றார் ராத்தா.

"ஓம்."

"நாங்க நாளெல்லாம் ஓம் ஓம் எண்டுதானே கதைக்கிறம்!"

எங்கள் பக்கத்தில் ஆமாம் என்பதற்கும் ஓம்தான்; இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பயிர் அழிந்த பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். பிறகு சுளகைக் கீழே வைத்தார்.

"காது சுளகு மாதிரி எண்டீங்களே. எங்கட ஊட்டுக்காரர் பரணில நிண்டு தொண்ட கிழியக் கத்தினாரே, அது அந்தக் காதுக்குக் கேக்கல்லயா?"

அப்பா சொன்ன பயன்களில் இதற்குப் பதில் இருக்கவில்லை. "கேட்டிருக்கும் ராத்தா. பசி அதைவிடப் பெரிசா இருந்திருக்கும்" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்தது. ராத்தா தலையை ஆட்டினார். "பசிக்குக் காதில்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி புடைக்கத் தொடங்கினார்.

அறுவடை முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய மாதங்களில்தான் அந்தச் சம்பவம் நடந்தது. அது ஒரு சனிக்கிழமை. பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்பு வைத்திருந்ததால் நான் ஊருக்குப் போகவில்லை. காலைத் தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில், தோட்டத்துக்குப் போன காக்கா சைக்கிளை விழுத்திப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அதிகம் கதைக்காத மனிதர். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"குட்டி ஒண்டு நம்மட கிணத்துக்க விழுந்து கிடக்கு."

"என்ன குட்டி?" என்று ராத்தா கேட்டார்.

"பெரியவர்ர குட்டி."

குளத்துக்குப் பக்கத்தில் காக்காவுக்கு ஒரு மரக்கறித் தோட்டம் இருந்தது. அதில் கல் கட்டாத, வெறும் மண்ணில் தோண்டிய அகலமான கிணறு. வெயில் காலத்தில் அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் கிடக்கும். தண்ணீர் தேடி வந்த கூட்டத்தில் குட்டி கால் வழுக்கி உள்ளே போயிருக்கிறது.

நாங்கள் போகும்போது குளக்கட்டில் பாதி ஊர் நின்றது. தோட்டத்துக்கு அப்பால், பற்றைக்காட்டு ஓரத்தில், தாய் யானை. அதற்குப் பின்னால் மரங்களுக்கிடையில் இன்னும் சில முதுகுகள் அசைந்தன. வெடி கொளுத்தி அவற்றை அவ்வளவு தூரத்துக்குத் தள்ளியிருந்தார்கள். அதற்கு மேல் தாய் போவதாயில்லை. மண்ணை வாரித் தன் முதுகில் போட்டுக்கொண்டு, ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டு நின்றது. கிணற்றுக்குள்ளிருந்து குட்டி கத்தும்போதெல்லாம் அதன் காது இரண்டும் விரிந்தன.

நான் யானையைக் கோயில் ஊர்வலத்தில்தான் பார்த்திருக்கிறேன். நெற்றிப் பட்டமும் பட்டுத் துணியும் போட்ட யானை. காட்டு யானையைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

கிணற்றைச் சுற்றி நின்றவர்கள் ஒரு முடிவுக்கு வரவில்லை. அந்தப் போகத்தில் எல்லாவற்றையும் இழந்த ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "கிடக்கட்டும். அதுகள் நம்மட புள்ளைகளுக்கு இரங்கினதா?" இன்னொருவர், "செத்தா நாறும். மறுகா கிணறும் போயிரும்" என்றார். வயல்களுக்கு நீர் பங்கிட்டு விடும் பொறுப்பில் இருப்பவரை வட்டவிதானை என்பார்கள். அவர் அம்பாறைக்கு ஆள் அனுப்பியிருந்தார், வனவிலங்கு இலாகாவுக்கு. "அவங்க வாறதுக்குள்ள பொழுது போயிரும்" என்று சொல்லிவிட்டு, காக்காவின் பக்கம் திரும்பினார். "கிணறு உன்ட. வெள்ளாமையும் உன்ட போனது. நீ சொல்லு."

காக்கா கிணற்று விளிம்பில் குந்தி உள்ளே பார்த்தார். அவருடைய முகத்தில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. தன் வயலை மிதித்து நாசமாக்கிய அதே கூட்டத்தின் பிள்ளை தன் கிணற்றுக்குள் கிடக்கிறது.

ஆண்கள் நின்ற இடத்துக்கு ராத்தா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு போனார்.

"நாய்க்குத் தண்ணி அள்ளிக் குடுத்த பொம்பிளைய அல்லா மன்னிச்ச கதைய பள்ளிவாசல்ல கேட்டுட்டு வந்து எனக்குச் சொன்னது நீங்கதானே? அது நாய். இது பால்குடி. அந்தா தாய் நிக்கிது. எனக்கெண்டா பாத்துக்கிட்டு நிக்க ஏலா."

காக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "மம்பட்டியக் கொண்டாங்க" என்றார்.

தாய் நிற்கும் பக்கத்துக்கு நேராகக் கிணற்றின் விளிம்பை வெட்டிச் சரிவாக இறக்கத் தொடங்கினார்கள். வெயில் காய்ந்த மண் கல்லைப் போல் இருந்தது. ஒருவர் களைத்தால் இன்னொருவர் மண்வெட்டியை வாங்கினார். கைகட்டி நின்றவரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்று பார்த்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பெண்கள் நாங்கள் களத்திலிருந்து வைக்கோலையும், வளவுகளிலிருந்து வாழைத் தண்டுகளையும் சுமந்து வந்தோம். குட்டி நிற்கும் தரையை மேலே உயர்த்துவதற்காக அவற்றைக் கிணற்றுக்குள் போட்டார்கள். முதலில் அது மிரண்டு மிரண்டு மூலைக்கு ஓடியது. பிறகு தண்டுகளில் ஒன்றைப் பிடித்து வாய்க்குள் வைத்துப் பார்த்தது.

நான் வைக்கோலைப் போடுவதற்காக விளிம்பில் மண்டியிட்டேன். குட்டி சேறு பூசிக்கொண்டு, எருமைக் கன்று அளவில், தலை முழுவதும் செம்பட்டை மயிரோடு நின்றது. தும்பிக்கையை மேலே தூக்கிக் காற்றில் துழாவிக்கொண்டே இருந்தது. அது என் கையில் பட்டது. ஈரமாக, சூடாக, கன்றுக்குட்டியின் மூக்கைப் போல. அதன் நுனி என் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தது. நான் கையை இழுக்கவில்லை. இழுக்க முடியவுமில்லை. பிறந்ததிலிருந்து எத்தனை அறுகம்புல்லை அந்தத் தும்பிக்கையில் சாத்தியிருப்பேன்! பித்தளையிலும் கல்லிலும் இருந்த தும்பிக்கை. அது திரும்பி என்னைப் பிடிக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

"டீச்சர், அது உங்கட சொல்லத்தான் கேக்கும். ஓதுறதுக்கு ஏதும் இரிந்தா ஓதுங்க. நானும் ஓதுறன்" என்றார் ராத்தா. அவருடைய உதடுகள் ஏற்கனவே அசைந்துகொண்டிருந்தன. எனக்கு அந்த நேரம் ஒரு தோத்திரமும் ஞாபகம் வரவில்லை. "வா ராசா, ஏறி வா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

சரிவு கீழே எட்டியதும், காக்காவும் இன்னும் சிலரும் உள்ளே இறங்கிக் குட்டியின் பின்னால் நின்று தள்ளினார்கள். அது ஏறும், வழுக்கும், அவர்கள் மேலேயே வந்து விழும். சேற்றில் யார் மனிதர், யார் யானை என்று தெரியவில்லை. "இஞ்சால வாங்க பெரியவரே, கோவிக்காம வாங்க" என்று காக்கா அதற்குச் சொல்லிக்கொண்டே தள்ளினார். அத்தனை பதற்றத்திலும் மேலே நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு எப்படியோ அதன் முன்னங்கால் இரண்டும் மேட்டில் பதிந்தன. ஒரே உந்தல். குட்டி வெளியே வந்துவிட்டது.

"ஓடுங்க! கட்டுக்கு ஓடுங்க!" என்று வட்டவிதானை கத்தினார். எல்லோரும் குளக்கட்டில் ஏறி நின்றோம். தாய் வேகமாக வந்தது. நிலம் அதிர்வது காலுக்குத் தெரிந்தது. குட்டியின் தலையிலிருந்து வால் வரை தும்பிக்கையால் தடவித் தடவிப் பார்த்தது. பிறகு அதைத் தன் வயிற்றுக்குக் கீழே விட்டுக்கொண்டு திரும்பி நடந்தது. எங்கள் பக்கம் அது பார்க்கவேயில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று யாரோ சொன்னார்கள். உடனே எல்லோரும் சொன்னார்கள். நான் என்னை அறியாமல் கைகூப்பி நின்றேன். ராத்தா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

வனவிலங்கு இலாகாவின் ஜீப் வந்து சேர்ந்தபோது நாங்கள் எல்லோரும் மர நிழலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அவர்களுக்கும் ஊற்றிக் கொடுத்தோம்.

அடுத்த பெரும்போகத்தில் பெரியவர் மறுபடி வந்தார். முன்பு போலவே வயலில் இறங்கினார். இந்த முறை சேதம் குறைவு, ஆனால் சேதம் சேதம்தான். "இவ்வளவு செய்தும் நன்றி இல்லையே காக்கா" என்று நான் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். "நாம நன்றிக்குச் செய்யல்லயே டீச்சர். இது அதுட வழி. அது நடந்த பாதையிலதான் நாம வண்டில் கொண்டு போறம்" என்றார். உண்மைதான். காட்டுக்குள் விறகுக்கும் தேனுக்கும் போகும் வழிகளெல்லாம் யானைகள் நடந்து நடந்து உண்டாக்கியவை. விக்கினங்களை நீக்குபவர் என்று பிள்ளையாரைச் சொல்கிறோம். விக்கினங்களை வைப்பவரும் அவரே என்று அப்பா பயன் சொல்லும்போது, இரண்டும் எப்படி ஒருவராக முடியும் என்று சின்ன வயதில் எனக்குக் குழப்பமாக இருக்கும். இறக்காமத்தில் அந்தக் குழப்பம் எனக்கு இல்லாமல் போய்விட்டது. பயிரை மிதிக்கிற காலும் பற்றைக்குள் பாதை போடுகிற காலும் ஒரே கால்தான். அதோடு எப்படி வாழ்வது என்பதை அந்த வீட்டில்தான் நான் கண்டேன்.

ஒரு வருடத்தில் இடமாற்றம் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிடுவேன் என்று அம்மா நினைத்திருந்தார். நான் கேட்கவில்லை. வருடங்கள் போயின.

எண்பதுகளின் நடுப்பகுதியில் எங்கள் பக்கம் கெட்ட காலம் வந்தது. அதுவரை ஒரே சந்தையில் தோள் உரசி நின்ற தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பயப்படும்படி ஆயிற்று. இரண்டு பக்கத்திலும் வீடுகள் எரிந்தன, இரண்டு பக்கத்திலும் தாய்மார் அழுதார்கள். ஒரு காலையில் பாடசாலையை மூடிவிட்டார்கள். பஸ் இல்லை. அன்று பகலே காக்கா உழவு இயந்திரத்தை முற்றத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"டீச்சர், ஏறுங்க. உங்கட உம்மா வாப்பாக்கிட்ட கொண்டு போய் விடுறன். நிலைமை சரியாகினா நானே வந்து கூட்டிட்டு வாறன்."

"உங்களுக்கு ஏதும் நடந்தா?" என்றேன்.

"நானும் வாறன். பொம்பிளையள் இரிந்தா ஆரும் ஒண்டும் சொல்லமாட்டாங்க" என்று ராத்தா உழவு இயந்திரத்தின் பின்பெட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். தன் சேலைத் தலைப்பை என் தலையில் முக்காடாகப் போட்டுவிட்டார். இயந்திரம் புறப்பட்டு வளவின் வாயிலான கடப்பைத் தாண்டவில்லை, "நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க" என்று குதித்து இறங்கி ஓடினார். என் அறையின் முற்றத்துக் கதவால் உள்ளே போய், தன்னுடைய வெள்ளைத் துப்பட்டியில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

"இவர விட்டுட்டா போறீங்க?"

அத்தனை வருடத்தில் அவர் பிள்ளையாரைத் தொட்டது அன்று மட்டும்தான். துணியோடுதான் தொட்டார். அந்தப் பொதியை என் மடியில் வைத்தார்.

வழியில் முஸ்லிம் ஊர்களில் மறித்தவர்களிடம் காக்கா பேசினார். எங்கள் தெரு முனையில் பொல்லோடு நின்றவர்கள் மறித்தபோது நான் முக்காட்டை எடுத்துவிட்டு இறங்கி முன்னால் நடந்தேன். "இவங்க என்ர ஆக்கள். என்னைக் கொண்டுவந்து விட வந்தவங்க" என்றேன். அவர்களில் ஒருவன் என்னை அடையாளம் கண்டு வழிவிட்டான். அம்மா படலையடியில் நின்றார். ராத்தாவும் அம்மாவும் அதற்கு முன் சந்தித்ததில்லை. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். "உள்ளுக்கு வந்து ஒரு வாய் தண்ணியெண்டாலும்" என்று அப்பா கெஞ்சினார். பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும் என்று காக்கா இறங்கக்கூட இல்லை. தெரு முனை வரைக்கும் அப்பா உழவு இயந்திரத்துக்கு முன்னால் நடந்து போய் அவர்களை வழியனுப்பினார்.

அவர்கள் சுகமாகப் போய்ச் சேர்ந்தார்களா என்று தெரியாமல் அம்மா சோறு தின்னவில்லை. மறுநாள் பகல், உள்ளூர்களுக்குப் போய்வரும் மீன் வியாபாரி ஒருவர் செய்தி கொண்டுவந்தார். இருவரும் வீட்டில் சுகமாக இருக்கிறார்கள். அம்மா தலையில் தண்ணீர் வார்த்து, தேங்காயும் பழமும் எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பிள்ளையார் கோயிலுக்குப் போனார். "அருச்சனை ஒண்டு" என்று சொல்லிக் காக்காவின் பெயரைச் சொன்னார். ஐயர் தட்டை வாங்கியபடி அம்மாவைப் பார்த்தார்.

"நட்சத்திரம்?"

"தெரியாது ஐயா. பிள்ளையாருக்குத் தெரியும்" என்றார் அம்மா.

ஐயர் மேலும் கேட்கவில்லை. உள்ளே போனார். மந்திரத்துக்கு நடுவே அந்த அரபுப் பெயர் தெளிவாகக் கேட்டது. ராத்தாவின் பெயரைச் சொல்லாமல் விட்டுவிட்டோமே என்று அம்மா அவசரப்பட்டு, கம்பிக்குள்ளால் தலையை நீட்டி அதையும் சொன்னார். ஐயர் அதையும் சேர்த்துக்கொண்டார்.

நிலைமை கொஞ்சம் அடங்கிப் பாடசாலை திறந்தபோது, சொன்னபடியே காக்கா வந்து நின்றார். அம்மா விடியற்காலையே எழும்பி மோதகம் அவித்திருந்தார். சாமிக்குப் படைத்ததை முஸ்லிம்கள் சாப்பிடமாட்டார்கள் என்பதால், ஒரு பகுதியைப் பிள்ளையாருக்குப் படைக்கும் முன்பே வேறு பாத்திரத்தில் எடுத்து மூடி வைத்துவிட்டார். "இது படைக்காதது எண்டு அவவுக்கு விளங்கச் சொல்லிக் குடு. சங்கடப்படப்படாது" என்று என் கையில் தந்தார்.

இறக்காமத்தில் போய் இறங்கியதும் அம்மா சொன்னதை அப்படியே ராத்தாவிடம் சொன்னேன். அவர் பாத்திரத்தை வாங்கி, மூடியைத் திறந்து, நின்ற நிலையிலேயே ஒரு மோதகத்தைக் கடித்தார்.

"உள்ளுக்க பயறா?"

"ஓம் ராத்தா. பயறும் தேங்காய்ப்பூவும் சக்கரையும்."

"நல்லாரிக்கி" என்று இன்னொன்றை எடுத்துக்கொண்டார். "ஆனா உங்கட உம்மாவுக்குச் சொல்லுங்க, அடுத்த முறைக்குச் சக்கரையக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி."